டிரை ஃபுட்டோடு முட்டை, காய், கோழி: எத்தனை கிராம்? (பெங்களூரு)

அல்சூர்_ஏரிக்கரை
நாட்டு நாய், பெண், 4 வயது, கருத்தடை ஆனது, 22 கிலோ. டிரை ஃபுட் (கிப்பிள்) நாளைக்கு 280 கிராம், இரண்டு வேளையாக. பையில் 100 கிராமுக்கு 360 கிலோகலோரி என்று அச்சிட்டிருக்கிறது. நோய் எதுவும் இல்லை, எடை ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. இதோடு வீட்டுச் சாப்பாடு கொஞ்சம் சேர்க்க எண்ணம். எதில் ஆரம்பிப்பது, கிப்பிளை எவ்வளவு குறைப்பது? "ஒரு கைப்பிடி போடுங்க" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். கை ஆளுக்கு ஆள் மாறும்.

ஹெப்பாள்_தராசு
சரி, கிராமிலேயே பேசுவோம்.

முதலில் அவளுக்கு ஒரு நாளைக்கு ஆகும் கலோரி (பையில் கிலோகலோரி என்று போட்டிருப்பதைத்தான் பேச்சில் கலோரி என்கிறோம்). எடையை எடையால் பெருக்கி, மறுபடியும் எடையால் பெருக்குங்கள். வந்த எண்ணுக்கு இரண்டு தடவை வர்க்கமூலம் எடுத்து 70ஆல் பெருக்குங்கள். செல்போன் கால்குலேட்டர் போதும். 22 × 22 × 22 = 10,648. முதல் வர்க்கமூலம் 103.2, இரண்டாவது 10.16. எழுபதால் பெருக்கினால் 711. இது படுத்தே கிடந்தாலும் உடம்பு எரிக்கிற அளவு. கருத்தடை ஆன, வளர்ந்த நாய்க்கு இதை 1.4 முதல் 1.6 வரை பெருக்குவது வழக்கம்: 995இலிருந்து 1,138 வரை. உங்கள் 280 கிராமில் இருப்பது 1,008. எடையும் நிலையாக நிற்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் சூத்திரத்தை மடித்து வைத்துவிடலாம், 1,008தான் அவள் கணக்கு.

அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 கலோரி, வெளிச் சாப்பாட்டுக்கு. கிப்பிளை 28 கிராம் குறைத்து 252 ஆக்குங்கள். பெரும்பாலானோர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்: சேர்க்கிறார்கள், குறைப்பதில்லை. மூன்று மாதத்தில் இடுப்பு காணாமல் போகிறது, பழி முட்டை மேல் விழுகிறது.

100 கலோரி என்பது எவ்வளவு? தோல், எலும்பு இல்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி என்றால் 60 கிராம் (பச்சையாக 85 கிராம் எடுத்தால் வெந்தபின் இவ்வளவு வரும்). ஒரு முட்டை 75 கலோரி, மீதி 25க்கு வெந்த பரங்கிக்காய் 100 கிராம். வெறும் சோறு என்றால் 75 கிராம், இரண்டு கரண்டிகூட வராது. பயிற்சிக்குக் கொடுக்கும் பிஸ்கட், மாத்திரையைப் பொதிந்து கொடுக்கும் சீஸ் எல்லாமே இந்த நூறுக்குள் அடக்கம்.

ஆரம்பம் பரங்கிக்காய். முதல் நாள் 15 கிராம், நான்காம் நாள் 50. மலம் கையால் எடுத்தால் உருக்குலையாமல், தரையில் ஒட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் ஐந்தாம் நாளிலிருந்து முட்டை, பாதியில் தொடங்கி. அது நான்கு நாள் ஒத்துக்கொண்டபின் கோழி. ஒரே நாளில் மூன்றையும் இறக்கினால், வயிறு கெடும்போது குற்றவாளி யார் என்று தெரியாது.

குக்கர்_விசில்
பத்து சதவீதம் ரொம்பக் கஞ்சத்தனம். டிரை ஃபுட் பாதி, வீட்டில் வேகவைத்த சோறும் கோழியும் பாதி. அதுதான் நாய்க்கு இயற்கை. எத்தனை வீட்டில் காலங்காலமாகச் சோறு தின்று வளர்கின்றன!

ஹெப்பாள்_தராசு
வளர்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதியில் என்ன இல்லை என்று பாருங்கள். 100 கிராம் வெந்த கோழியில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராமைத் தாண்டும், கால்சியமோ 15 பக்கம்தான். சோற்றில் இரண்டுமே சொற்பம். நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, இரண்டு மடங்கு வரையோ இருக்க வேண்டும். உங்கள் பாதியில் விகிதம் தலைகீழ். கால்சியம் மட்டுமா? துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ இவை கோழிச்சோற்றில் போதாது. நல்ல கிப்பிளில் இவையெல்லாம் குறைந்தபட்சத்துக்கு மேலே கொஞ்சம் கூடுதலாகவே சேர்த்திருப்பார்கள். பத்து சதவீதம் எடுத்தால் அந்தக் கூடுதல் ஈடுகட்டிவிடும். ஐம்பது எடுத்தால் ஈடுகட்டாது.

2013இல் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில், புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துக் கணக்கிட்டார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அவசியச் சத்தாவது குறைந்தது. இத்தனைக்கும் சிலவற்றை எழுதியவர்கள் கால்நடை மருத்துவர்கள்.

பாதிக்குப் பாதிதான் வேண்டுமென்றால் தடையில்லை. ஆனால் அப்போது அது மேலே தூவுகிற சமாச்சாரம் இல்லை, தனி உணவு. நாயின் எடைக்கு ஏற்ப ஊட்டச்சத்து தெரிந்த மருத்துவர் எழுதித் தரும் அளவும், அதற்கான தாதுக்கலவையும் இல்லாமல் இறங்காதீர்கள்.

குக்கர்_விசில்
கால்சியத்துக்கு எலும்போடு குக்கரில் பத்து விசில் விட்டால் போச்சு. நசுக்கினால் மாவாகிவிடும்.

ஜான்சன்_மார்க்கெட்_பை
கழுத்தும் விலா எலும்பும் மாவாகும். தொடை, கால் எலும்பின் நடுத்தண்டு ஆகாது. வெளியே மெத்தென்று இருக்கும், உள்ளே ஊசியாகப் பிளக்கும். ஒவ்வொரு துண்டையும் விரலால் நசுக்கிப் பார்க்கிற பொறுமை இருந்தால் சரி, அவசர வீட்டுக்கு ஒத்துவராது. அதைவிட முக்கியம், எவ்வளவு கால்சியம் போகிறது என்று தெரியாது. கூடிப்போனால் மலம் சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெளுத்து, காய்ந்து, நாய் முக்கிக்கொண்டு நிற்கும்.

அளந்து போட வேண்டுமானால் முட்டை ஓடு. கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மைதா பதத்துக்கு அரைத்தால் ஒரு டீஸ்பூனில் சுமார் 2,000 மில்லிகிராம் கால்சியம். ஆனால் இது எலும்பில்லாத கறியைப் பெரிய பங்காகக் கொடுப்பவர்களுக்கு மட்டும். அல்சூர்க்காரர் கணக்கான பத்து சதவீதத்துக்குத் தேவையே இல்லை. கிரேட் டேன், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகளுக்குக் கையே வைக்காதீர்கள். குட்டி வயதில் உபரிக் கால்சியத்தைத் தள்ளிவிடும் திறன் குடலுக்கு வளர்ந்திருக்காது, எலும்பு கோணலாக வளரும்.

இன்னொன்று. கறிக்கடையில் "நாய்க்கு" என்று கேட்டால் தோல், கொழுப்பு, கால், கழுத்து எல்லாம் சேர்த்து ஒரு பையில் கட்டித் தருவார்கள். விலை மலிவுதான், ஆனால் தோலும் கொழுப்புமாக அதில் எத்தனை கலோரி என்று யாராலும் சொல்ல முடியாது. தோல் உரித்த எலும்பில்லாத கறி கால் கிலோ வாங்கினால் 22 கிலோ நாய்க்கு மூன்று நாள் வரும். வீட்டில் குழாயடியில் கழுவாதீர்கள், சால்மொனெல்லா தொட்டி முழுக்கத் தெறிக்கும். நேராகக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். நடுத்துண்டை வெட்டினால் உள்ளே ரோஸ் நிறம் தெரியக்கூடாது. பச்சைக் கறியை ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது தப்பு, தூங்கும், அவ்வளவுதான்.

இந்திராநகர்_நூறடி
குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் பையில் கலோரியே போடவில்லை. புரதம் 24, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10 என்று மட்டும் இருக்கிறது.

ஹெப்பாள்_தராசு
சாம்பல் சத்து (தாதுக்கள்) போடவில்லை என்றால் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தையும் கூட்டினால் 58, நூறில் மீதி 42 மாவுச்சத்து. புரதத்தையும் மாவையும் 3.5ஆல், கொழுப்பை 8.5ஆல் பெருக்குங்கள். 84 + 147 + 102 = 333. 100 கிராமுக்கு 333 கலோரி. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் "ஒரு கப்" என்று அளப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். கப்பைத் தட்டி நிரப்பினால் ஒரு எடை, குவித்தால் ஒரு எடை. சமையல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

மல்லேஸ்வரம்_எட்டாவது_கிராஸ்
காய்கறி பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை.

பரங்கிக்காயை இங்கே "சிஹி கும்பள" என்று கேளுங்கள். வெறும் "கும்பளகாயி" என்றால் வெள்ளைப் பூசணியைத் தூக்கித் தரக்கூடும். அதுவும் கெடுதல் இல்லை, தண்ணீர்தான். விதையும் தோலும் நீக்கி, உப்பில்லாமல் ஆவியில் வேகவைத்து மசியுங்கள். நார்ச்சத்து உண்டு என்பதால் ஆளுக்கு ஆள் பரிந்துரைக்கிறார்கள், ஆனால் ஒரே நாளில் 150 கிராம் போனால் மலம் இரண்டு மடங்காகும்.

என் கணக்கில் இந்த ஊருக்கு ஏற்ற காய் சௌசௌ. நாம் பெங்களூர் கத்தரிக்காய் என்று சொல்வதேதான். 100 கிராமுக்கு 20 கலோரிகூட இல்லை. ஹாப்காம்ஸ் கடையில் எப்போதும் கிடக்கும். எப்போது பார்த்தாலும் பசி என்று நிற்கிற குண்டு நாய்க்குக் கிண்ணத்தை நிரப்பிக் காட்ட இதைவிட நல்ல காய் இல்லை. தோல் சீவி, நடுக்கொட்டையை எடுத்துவிட்டு வேகவையுங்கள். பீன்ஸும் அப்படித்தான், 100 கிராமுக்கு 35.

கேரட்டைப் பச்சையாகத் துண்டு போட்டால் போட்டபடியே வெளியே வரும். நாய் மென்று அரைப்பதில்லை, விழுங்கும். துருவுங்கள், அல்லது வேகவைத்து மசியுங்கள். சர்க்கரைவள்ளி ருசிதான், ஆனால் 100 கிராமுக்கு 80 கலோரி, அதைக் காய் என்று நினைத்து அள்ளிப் போடக்கூடாது.

அவரைக்காய் சீசனில் ஊரே மணக்கும், நாய்க்கு வேண்டாம். வாயுத்தொல்லை உங்களுக்குத்தான்.

ராகியைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் இப்போதே சொல்கிறேன். "கால்சியம்" என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். 30 கிராம் மாவில் கிடைப்பது 100 மில்லிகிராம் சொச்சம், அதிலும் தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கொஞ்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கலோரியோ அந்த 30 கிராமிலேயே கிட்டத்தட்ட நூறு. 100 கிராம் மாவில் பிடித்த முத்தே (ராகிக் களி உருண்டை) ஒன்று உருட்டிப் போட்டால் அல்சூர்க்காரர் நாயின் ஒரு நாள் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

சிவாஜிநகர்_மீன்வாசம்
மத்தியை விட்டுவிட்டீர்களே. மங்களூர்க்காரர் கடையில் பூதாயி என்பார்கள். ஒமேகா-3க்கு இதைவிட மலிவான வழி இல்லை, பாதரசமும் குறைவு. 22 கிலோவுக்கு வாரம் இரண்டு நாள், சுத்தம் செய்தபின் 50 கிராம், அன்றைக்கு முட்டையும் கோழியும் கிடையாது. குடல் நீக்கி, குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு 20 நிமிடம் சிறுதீயில். முள் விரலில் நசுங்கும், நசுங்காத முள்ளைத் தள்ளிவிடுங்கள். பச்சையாகக் கொடுக்காதீர்கள், சில மீன்களில் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் என்சைம் உண்டு, வெந்தால் போய்விடும். கருவாடு கூடவே கூடாது, உப்பு.

குக்கர்_விசில்
மீனும் கோழியும் வாங்காத வீட்டில்? மிஞ்சின சாம்பார் சாதம்தான் நடைமுறை. அதில் காரம் போடாமல் எடுத்துவைத்தால் போதாதா?

கப்பன்பார்க்_காலைநடை
காரம் மட்டும் பிரச்சினை இல்லை, மற்றதுதான் பெரிது. வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு மூன்றும் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும், பொடியாக்கினாலும், எடுத்துப் போட்டுவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றினாலும் அதே கதை. கிலோவுக்கு 15 கிராம் வெங்காயத்திலிருந்தே ரத்தத்தில் மாற்றம் தெரியும். அறிகுறி அன்றைக்கே வராது, சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும். "உண்ணிக்குப் பூண்டு நல்லது" என்று இங்கே ஓயாமல் ஓடும் வதந்தி இருக்கிறதே, அது இரட்டை ஆபத்து. உண்ணிக்காய்ச்சலே சிவப்பணுவையும் தட்டணுவையும் குறைக்கிற நோய். அதன் மேல் பூண்டு.

பிறகு புளி. இது நம் சமையலுக்கென்றே சொல்ல வேண்டியது. திராட்சை நாயின் சிறுநீரகத்தை ஏன் அடிக்கிறது என்பது வெகுகாலம் புதிராகவே கிடந்தது. 2021இல் அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பின் விஷ மையத்து மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தைச் சுட்டினார்கள். புளியில் இருப்பதும் அதே அமிலம். ஆகவே சாம்பார், ரசம், புளியோதரை, வத்தக்குழம்பு எதுவும் வேண்டாம். இந்தப் பக்கத்துத் தள்ளுவண்டியில் குவிந்து கிடக்கும் பெங்களூர் புளூ திராட்சையும் அதே பட்டியல். உலர்திராட்சை இன்னும் மோசம், சர்க்கரைப்பொங்கலில் ஒளிந்திருக்கும். ஒன்றிரண்டு தின்று ஒன்றும் ஆகாத நாயும் உண்டு, சிலதுக்குச் சொற்பமே போதும். எது எந்த ரகம் என்று முன்கூட்டித் தெரியாது. தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம்.

சைவ வீட்டில் என்ன செய்வது? முட்டை உண்டென்றால் முட்டை. அதுவும் இல்லையென்றால் புளிக்காத தயிர் 50 கிராம் (30 கலோரி), 20 கிராம் பனீர் (ஏறக்குறைய 60), மசித்த காய். சாதம் வேண்டுமென்றால் தாளிப்பதற்கு முன்பே தனியாக எடுத்துவையுங்கள். பருப்பைப் பிரதானமாக்க வேண்டாம். 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பட்டாணி, பருப்பு வகை அதிகமுள்ள தானியமில்லா தீனிக்கும் இதயத்தசை தளர்ந்து இதயம் விரியும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராயத் தொடங்கியது. முடிவாக எதுவும் நிறுவப்படவில்லை. ஆனால் கிப்பிளிலேயே பட்டாணி முதலிடத்தில் இருந்தால், மேலே பருப்பும் ஊற்ற அவசியம் என்ன?

கடையில் வாங்கும் சூப் கட்டி, சிக்கன் ஸ்டாக் பாக்கெட் பின்னால் படித்துப் பாருங்கள், வெங்காயப்பொடி எங்கேயாவது இருக்கும். பீநட் பட்டரில் சைலிடால் (நாய்க்கு விஷமான இனிப்பூட்டி) இருக்கிறதா என்பதும் அப்படியே.

இந்திராநகர்_நூறடி
இன்னொரு விஷயம் கேள்விப்பட்டேன். கிப்பிள் மெதுவாகச் செரிக்கும், வெந்த கறி சீக்கிரம் செரிக்கும், இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலந்தால் வயிற்றில் புளிக்கும் என்று. உண்மையா?

ஹெப்பாள்_தராசு
இல்லை. நாயின் இரைப்பை பலவிதமான உணவை ஒன்றாகக் கையாளக்கூடியதுதான். கலந்ததும் வயிறு கெட்டால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: திடீர் மாற்றம், அதிகக் கொழுப்பு, அல்லது மொத்த அளவு கூடியது.

ஆனால் கலக்கும் முறையில் ஒரு சிக்கல் உண்டு. கோழித்துண்டை மேலே தூவினால் அதைப் பொறுக்கித் தின்றுவிட்டு கிப்பிளை விட்டு எழுந்து போகும். வீட்டில் உள்ளவர் பாவம் பார்த்து இன்னும் இரண்டு துண்டு போடுவார். இரண்டு வாரத்தில் நாய் உங்களைப் பழக்கிவிட்டிருக்கும். அதனால் துண்டாகப் போடாதீர்கள். கறியை நாராகப் பிய்த்து, காயோடு மசித்து, கை பொறுக்கும் சூட்டில் 50 மில்லி வெந்நீர் விட்டு, ஒவ்வொரு கிப்பிளிலும் ஒட்டும்படி பிசையுங்கள். 15 நிமிடம். மீந்தால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள், அடுத்த வேளைவரை வேறொன்றும் இல்லை. நனைந்த கிப்பிளை மதியம்வரை வைத்துக் கொடுக்கக்கூடாது.

ஜெயநகர்_லாப்
லாப்ரடார், 7 வயது, போன வருடம் கணைய அழற்சி வந்து சரியானது. மருத்துவர் கொழுப்பு குறைந்த தீனி எழுதியிருக்கிறார். இதற்கும் இந்த முட்டைக் கணக்கு பொருந்துமா?

கப்பன்பார்க்_காலைநடை
பொருந்தாது மேடம். ஒரு முட்டையில் 5 கிராம் கொழுப்பு, எல்லாம் மஞ்சள் கருவில்தான். வெந்த வெள்ளைக்கரு, சௌசௌ, தோலில்லாத நெஞ்சுக்கறி என்று நிறுத்தலாம், அதையும் எழுதித் தந்த மருத்துவரிடம் கேட்டபின்தான். நெய், ஆட்டுக்கொழுப்பு, கோழித்தோல் ஒரு சொட்டும் கூடாது. லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்கவிடாத மரபணு மாற்றம் இருக்கிறது (2016 கேம்பிரிட்ஜ் ஆய்வு), அதனால் அது கேட்கிறது என்பது அளவுகோல் ஆகாது.

இதே மாதிரி விலகி நிற்க வேண்டியவர்கள்: சிறுநீரக நோய் உள்ளவை (இறைச்சி பாஸ்பரஸ்), ஆக்சலேட் கல் வந்தவை (பாலக், பீட்ரூட், சர்க்கரைவள்ளி), டால்மேஷன் (ஈரலும் மத்தியும் யூரிக் அமிலக் கல்லைக் கூட்டும்). அரிப்புக்காக எட்டு வார ஒவ்வாமைச் சோதனைத் தீனியில் இருக்கும் நாய்க்கு ஒரு துண்டு கோழி போனால்கூட முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஜான்சன்_மார்க்கெட்_பை
ஈரல் என்றதும் ஞாபகம். ஈரல் மலிவு, மணம், எல்லா நாய்க்கும் உயிர். வைட்டமின் ஏ குவிந்திருப்பதால் 22 கிலோவுக்கு வாரம் மொத்தமே 30 கிராம் போதும். தினம் போட்டால் உடம்பில் தேங்கும்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை: கிப்பிளைப் பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி வைக்காதீர்கள். அடியில் ஒட்டிய கொழுப்பு சிக்கடித்து, புதுத் தீனியையும் கெடுக்கும். பையோடு டிரம்முக்குள் வைத்து, வாயை மடித்துக் கிளிப் போடுங்கள். பிரித்து ஆறு வாரத்துக்குள் தீரும் அளவு பை வாங்குங்கள். இப்போது 280க்குப் பதில் 252 என்பதால் பை இன்னும் நாலைந்து நாள் கூடுதலாக வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அல்சூர்_ஏரிக்கரை
எல்லாருக்கும் நன்றி. போட்டிருக்கும் கணக்கு: திங்கள், வியாழன் முட்டை ஒன்று, பரங்கி 100 கிராம். செவ்வாய், சனி மத்தி 50 கிராம். புதன், வெள்ளி கோழி, சௌசௌ. ஞாயிறு ஒன்றும் இல்லை, கிப்பிள் 280. கோழியை வேகவைத்துப் பிய்த்து ஐஸ் டிரேயில் அழுத்தி உறையவைத்தேன், குழி ஒன்றுக்கு 18 கிராம் பிடிக்கிறது.

ஹெப்பாள்_தராசு
18 கிராம் என்பது வெந்தபின் பார்த்த எடையா, பச்சையிலா?

அல்சூர்_ஏரிக்கரை
வெந்து, தண்ணீர் வடிந்தபின்.

ஹெப்பாள்_தராசு
அப்போது மூன்று குழி, 54 கிராம், 90 கலோரி. மீதிக்கு சௌசௌ 50 கிராம். முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள், வெளியே வைத்து உருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள், 22.5ஐத் தாண்டினால் கிப்பிளில் இன்னும் 15 கிராம் குறையுங்கள்.